பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள்

சிங்கப்பூருக்கு வந்த முதல் சில மாதங்கள் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மனை நான் வெளியில் நின்றுதான் கும்பிட்டேன். எனக்கு வேலை ராஃபிள்ஸ் பிளேஸில். மதிய இடைவேளை பன்னிரண்டரைக்கு. கிராஸ் ஸ்ட்ரீட் வழியாக வேகமாக நடந்தால் கால் மணி நேரத்தில் கோயில் வந்துவிடும். ஆனால் பன்னிரண்டு மணிக்கே நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறப்பது மாலை ஆறு மணிக்கு. ஒன்பது மணிக்கு மீண்டும் சாத்திவிடுவார்கள். அந்த மூன்று மணி நேரத்துக்குள் அலுவலகத்தை விட்டு வெளியே வர என்னால் அப்போது முடிந்ததில்லை. சனி ஞாயிறிலும் பாதி நாள் வேலை இருக்கும். மீதிப் பாதியில் துணி துவைத்து, சமைத்து, தூங்கிவிடுவேன்.

அதனால் மதியம் போவேன். எதிர்ச்சாரியில், அஞ்சடி என்று இங்கே சொல்லும் கடையோர நடைபாதையில் நின்று கோபுரத்தைப் பார்ப்பேன். மதில்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் பசுக்களைப் பார்ப்பேன். செருப்பைக் கழற்றிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவேன். மூடிய கதவைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போகிறாய் என்று அறையில் கூட இருந்த நண்பர் கேட்டார். கதவு மூடியிருந்தால் என்ன, உள்ளே இருப்பவள் இருக்கிறாள்தானே என்றேன். அப்படிச் சொன்னபோது நான் அதை நம்பித்தான் சொன்னேன். இன்றும் நம்புகிறேன்.

ஒரு புதன்கிழமை காலை, வேலைக்குப் போகும் முன்பே போய்விடலாம் என்று விடியலில் எழுந்து கிளம்பினேன். சைனாடவுன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் பகோடா ஸ்ட்ரீட் பக்கம் வெளியேறும் வழி ஒன்று உண்டு. மின்படியில் ஏறி மேலே வந்தால் நேராக அந்தத் தெருவுக்குள்தான் நிற்போம். பகலில் அங்கே விசிறி, காந்த பொம்மை, பட்டுச் சட்டை என்று சுற்றுலாக்காரர்களுக்கான கடைகள் தெருவை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒரு கடையும் திறக்கவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவிய தெருவில் நடந்து கோடிக்குப் போனால் கோயில் மதில். மதிலைத் திரும்பினால் கோபுர வாசல். கதவு திறந்திருந்தது.

அந்தப் பெரிய மரக் கதவுகளில் சிறிய பித்தளை மணிகள் வரிசை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். உள்ளே போகிறவர்கள் கையால் வருடிக்கொண்டே போவார்கள். நானும் ஒரு வரிசையைத் தொட்டேன். உள்ளே கொடிமரம், அதைத் தாண்டி அம்மன். முகத்தைப் பார்த்ததும் நான் வேண்டிக்கொள்ள வைத்திருந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. வெறுமனே நின்றேன்.

அப்புறம் அர்ச்சனைச் சீட்டு வாங்கிக் குருக்களிடம் கொடுத்தேன். அவர் தலையை நிமிர்த்திக் கேட்டார்: "பேரு, நட்சத்திரம்?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இந்த ஊரில் இறங்கியதிலிருந்து என்னைக் கேட்டவர்கள் எல்லோரும் எண்ணைத்தான் கேட்டார்கள். பாஸ்போர்ட் எண், வேலை அனுமதி எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண், அஞ்சல் குறியீடு. யாரிடமும் குறையில்லை, அவர்கள் வேலை அது. ஆனால் ஒருவர் என் நட்சத்திரத்தைக் கேட்டு அதைச் சத்தமாகத் தெய்வத்திடம் சொன்னபோதுதான், நான் இங்கே வந்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் வந்தது. ஊரை விட்டு வந்து பல மாதம் கழித்து, அன்றைக்குத்தான் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

பெருநகரக் கோயில்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இரைச்சலுக்கு நடுவே ஓர் அமைதித் தீவு என்று எழுதுகிறார்கள். இந்தக் கோயிலுக்கு அது பொருந்தாது. அம்மன் முன்னால் கண்ணை மூடி நின்றால் நாதஸ்வரத்தோடு சேர்ந்து பேருந்து பிரேக் போடும் புஸ்ஸென்ற சத்தம் கேட்கும். சாலையைக் கடப்பவர்களுக்கான விளக்கின் டிக் டிக் கேட்கும். மண்டபத் தூணுக்குப் பக்கத்தில் சுற்றுலா வழிகாட்டி ஒருவர் மாண்டரினில் திரௌபதி கதையை விளக்கிக்கொண்டிருப்பார். எனக்கு அது இடைஞ்சலாகப் பட்டதே இல்லை. நகரம் வேறு, கோயில் வேறு என்று பிரிக்கும் கோடு இங்கே எங்கே ஓடுகிறது என்று தேடினால் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்று விளங்கிக்கொள்ளத்தான் இதன் கதையைப் படிக்கத் தொடங்கினேன்.

இந்தக் கோயிலைக் கட்டிய நாராயண பிள்ளை பினாங்கில் வேலை பார்த்தவர். 1819 மே மாதம், இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூர் வந்தபோது, 'இந்தியானா' என்ற கப்பலில் அவரோடு வந்து இறங்கினார். அப்போது இங்கே ஊர் என்று சொல்ல அதிகம் இல்லை. வீடுகள் கட்டவேண்டும், கட்டச் செங்கல் வேண்டும். பிள்ளை தஞ்சோங் பகாரில் ஒரு செங்கல் சூளை போட்டார். பினாங்குக்குச் சொல்லி அனுப்பிக் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். பிறகு துணி வியாபாரமும் தொடங்கினார். 1822-ல் தீ விபத்தில் கடை எரிந்து போனது, கடனாளி ஆனார். ராஃபிள்ஸிடம் முறையிட்டு, கமர்ஷியல் ஸ்கொயரில் இடம் வாங்கி மறுபடி எழுந்தார்.

அந்தக் கமர்ஷியல் ஸ்கொயர்தான் பின்னால் பெயர் மாறி ராஃபிள்ஸ் பிளேஸ் ஆனது. நான் தினமும் கணினியைத் திறந்து உட்காரும் இடம். இதைப் படித்த அன்று மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் அந்தச் சதுக்கத்துப் புல்வெளியில் உட்கார்ந்திருந்தேன். எரிந்துபோன கடையின் கடனோடு ஒரு தமிழர் இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே நின்று இனி என்ன செய்வது என்று யோசித்திருக்கிறார். அவர் சூளை போட்ட தஞ்சோங் பகாரில் இன்று 290 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரக் கட்டடம் நிற்கிறது.

கோயிலுக்கு இடம் தேடிய கதை எனக்கு இன்னும் பிடிக்கும். முதலில் தெலுக் ஆயர் பக்கம் இடம் கொடுத்தார்கள். மலாயில் 'ஆயர்' என்றால் தண்ணீர். ஆனால் அபிஷேகத்துக்கு வேண்டிய நல்ல தண்ணீர் அங்கே கிடைக்கவில்லை, பிள்ளை வேண்டாம் என்றுவிட்டார். 1821-ல் ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய்க்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டே நகரத்துக்கு வரைபடம் போட்டார்கள். அந்தத் திட்டத்துக்கு அந்த இடம் ஒத்துவரவில்லை. கடைசியாக 1823-ல் இந்த சவுத் பிரிட்ஜ் ரோடு நிலம். 1827-ல் மரமும் அத்தாப்பு ஓலையுமாக ஒரு கொட்டகை எழுந்து, அதில் பிள்ளை ஒரு சின்ன அம்மன் சிலையை வைத்தார். செங்கல் சூளைக்காரர் கட்டிய கோயில் ஓலைக் கொட்டகையாகத்தான் தொடங்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம், ஊருக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டைக் கடைசியில் கட்டும் கொத்தனார்கள் ஞாபகம் எனக்கு வரும்.

செங்கல் கட்டடம் பிறகு மெல்ல வந்தது. இப்போது நிற்பதில் பழைய பகுதி 1843-ஐச் சேர்ந்தது, பெரும்பகுதி 1860-களில் ஆனது. முதல் கோபுரம் 1903-ல். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் கோபுரம் 1925-ல். 1973-ல் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். ஆண்டுகளை விட என் மனதில் நிற்பது வேறு. கப்பலை விட்டு இறங்கியவர்கள் வேலையும் தங்க இடமும் கிடைக்கும்வரை இந்தக் கோயிலில்தான் தங்கினார்கள். இந்துக்களின் திருமணத்தை நடத்திவைக்க அதிகாரம் பெற்ற ஒரே கோயிலாகவும் இது ஒரு காலத்தில் இருந்தது. கூரை, கல்யாணம், நோய்க்கு நேர்ச்சை எல்லாவற்றுக்கும் ஒரே வாசல்.

கோயிலைச் சுற்றிய தெருக்களின் பெயரைப் பாருங்கள். பகோடா ஸ்ட்ரீட் என்பதில் வரும் 'பகோடா' நம் கோபுரம்தான். இந்தப் பக்கம் டெம்பிள் ஸ்ட்ரீட். அந்தப் பக்கம் மாஸ்க் ஸ்ட்ரீட், அதாவது மசூதித் தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1826-ல் தொடங்கிய ஜாமிஆ பள்ளிவாசல் அங்கே நிற்கிறது. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஒரு வருஷம்தான் வித்தியாசம், தூரமும் சில எட்டுகள்தான். சீனர்கள் குடியிருந்து பெயர் பெற்ற இந்த வட்டாரத்தில் மூன்று தெருக்களுக்குப் பெயர் கொடுத்தவர்கள் கோயிலில் கும்பிட்ட தமிழர்களும் பள்ளிவாசலில் தொழுத தமிழர்களும். வழி கேட்கும் ஒவ்வொருவர் வாயிலும் தினமும் அந்தப் பெயர்கள் வருகின்றன. கோயில் நகரத்துக்கு நடுவே எப்படியோ தப்பிப் பிழைத்து நிற்கிறது என்று இனி யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நகரம்தான் அதன் பேர் சொல்லி வளர்ந்திருக்கிறது.

2019 ஐப்பசியில் முதல்முறை இங்கே தீமிதி பார்த்தேன். தீபாவளிக்கு முன்னால் வரும். இந்தக் கோயிலில் 1840-லிருந்து நடக்கிறது என்கிறார்கள். தீ மிதிப்பவர்கள் இங்கிருந்து கிளம்புவதில்லை. சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு நாலு கிலோமீட்டர் நடந்து வருகிறார்கள். மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலை, வெறுங்கால். அவர்களுக்காகச் சாலையில் ஒரு பக்கத்தை மறித்துவிடுகிறார்கள், மறுபக்கம் டாக்சிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. அன்று எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, வரிசையில் வரும் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார். புருஷனைக் கண்டதும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஓம் சக்தி" என்றார். அவர் திரும்பிப் பார்த்து "பராசக்தி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். எங்கள் நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி உண்டு, சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குழியில் கனலும் நெருப்பின் அனல் முகத்தில் அடித்தபோது, அந்தத் தோள் எனக்கு வேண்டும்போல இருந்தது.

அடுத்த ஆண்டு நடந்ததையும் சொல்லவேண்டும். 2020 ஏப்ரல் 7-ஆம் தேதியிலிருந்து கொரோனாவுக்காக ஊரையே அடைத்தார்கள், கோயில்களும் பக்தர்களுக்கு மூடப்பட்டன. அம்மை கண்டால் அம்மா வந்திருக்கிறாள் என்று சொல்லி, வேப்பிலை சொருகி, தயிர்ச்சோறு படைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். கொள்ளைநோய் வந்தால் ஓடிப்போய் நிற்கவேண்டிய இடம் மாரியம்மன் வாசல். அந்த வாசலை நோய்க்குப் பயந்து மூடியது சரிதான் என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆனாலும் மனம் தவித்தது. தொழிலாளர் விடுதிகளில் நம்மூர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அறைக்குள் அடைந்து கிடந்த நாட்கள் அவை. ஒரு அறைக்குப் பத்து பேர், பன்னிரண்டு பேர். எங்கள் ஊர்க்காரப் பையன் ஒருவன் அங்கிருந்து எனக்குத் தினமும் பேசுவான். "அண்ணே, கோயில் தொறந்தா எனக்கும் சேத்து ஒரு விளக்குப் போடுங்க" என்பான்.

ஜூன் தொடக்கத்தில் திறந்தார்கள். உடல்வெப்பம் பார்த்து, இடைவெளி விட்டு, ஒவ்வொருவராக அனுப்பினார்கள். கதவு மணிகளைத் தொட அன்று எனக்குத் தயக்கமாக இருந்தது, தொடாமலே போனேன். இரண்டு விளக்குப் போட்டேன். அந்தப் பையன் நல்லபடியாக விடுதியை விட்டு வெளியே வந்த ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து மூன்றாவது விளக்குப் போட்டான்.

அம்மா சிங்கப்பூர் வந்தது 2023 மார்ச்சில். அதற்கு முந்தைய மாதம், பிப்ரவரி 12-ஆம் தேதிதான் கோயிலுக்குக் குடமுழுக்கு ஆகியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பிகள் செய்த வேலையில், சாரம் அவிழ்த்த கோபுரம் புதிதாக நின்றது. அம்மா இதற்கு முன் விமானம் ஏறியதில்லை. கண்ணாடிக் கட்டடங்களையும் கடலையும் காட்டினால் சரி சரி என்று பார்த்துக்கொண்டாள். கோயில் வாசலில் இறங்கியதும்தான் என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

ஒவ்வொரு சந்நிதியாக நின்றாள். பெரியாச்சி முன்னால் வெகுநேரம். நான் பிறந்த முப்பதாம் நாள் நேர்ச்சையை எனக்குச் சொன்னாள், அதுவரை நான் கேட்டதே இல்லை. அரவான் தலையைப் பார்த்து, "இவன இங்கயுமா கொண்டாந்துட்டாங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மதுரை வீரனுக்கு ஒரு கும்பிடு. பஞ்சபாண்டவரோடு நிற்கும் திரௌபதியைச் சுற்றி வந்தாள். பிறகு மண்டபத்தில் தூணோரம் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன்டா தம்பி, மாரியாத்தா ஊர் எல்லையிலல்ல இருப்பா? இங்க ஏன் நட்ட நடு ஊர்ல இருக்கா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. படித்ததை எல்லாம் சொன்னேன். தெலுக் ஆயரில் தண்ணீர் கிடைக்காத கதையையும் சொன்னேன். தெலுக் ஆயர் அப்போது கடற்கரை, பின்னால் கடலைத் தூர்த்துத்தான் இப்போது தெரியும் இந்தக் கட்டடங்களை எழுப்பினார்கள் என்றதும் அம்மா தலையாட்டினாள். "அப்பச் சரி. கப்பல்ல வந்தவங்களுக்குக் கரைதானே எல்ல. எல்லையிலதான் வச்சிருக்காங்க. கடல்தான் தள்ளிப் போயிருச்சு."

நான் படித்த எதிலும் இப்படி ஒரு வரி இல்லை.

அந்தப் பழைய கரையைப் பார்க்கவேண்டும் என்றாள். நடத்தியே கூட்டிப்போனேன். தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் நாகூர் தர்கா இருக்கிறது, 1828-க்கும் 1830-க்கும் நடுவில் கட்டியது. இப்போது உள்ளே இந்திய முஸ்லிம்களின் வரலாற்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அம்மா பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டிலிருந்து நாகூர் பஸ்ஸில் சிறிது தூரம்தான். கந்தூரிக்கு வருஷம் தவறாமல் போகிறவள் அவள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்று கும்பிட்டாள். அதே தெருவில் கொஞ்ச தூரத்தில், கடல் கடந்து நல்லபடியாக வந்து சேர்ந்த சீனர்கள் தங்கள் கடல் தாய்க்குக் கட்டிய கோயில். அங்கேயும் நின்று கும்பிட்டாள். யாரும் சொல்லித் தரவில்லை.

அவள் ஊருக்குத் திரும்பும் நாளில் நான் அரை நாள் விடுப்பு எடுத்தேன். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, அம்மனிடம் சொல்லிக்கொண்டு வரலாம் என்றாள். கிளம்பவே நேரமாகிவிட்டது. மேக்ஸ்வெல் நிலையத்தில் இறங்கி அவளை முடிந்தவரை வேகமாக நடத்தினேன். வாசலுக்கு வந்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். உள்ளே விளக்குகளை ஒவ்வொன்றாகத் தணித்துக்கொண்டிருந்தார்கள். காவலாளி எங்களைப் பார்த்து, "வாங்கம்மா, சீக்கிரம்" என்றார்.

அம்மா கதவு மணிகளை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டே உள்ளே போனாள். அர்ச்சனைக்கு நேரம் இல்லை. சந்நிதிக்கு நேராக நின்று அவளே சொன்னாள், வாய்விட்டு, என் பெயரை, என் நட்சத்திரத்தை. "போயிட்டு வரேன் ஆத்தா. புள்ளைய விட்டுட்டுப் போறேன், பாத்துக்க." அப்புறம் ஏதோ நினைத்துக்கொண்டு அவசரமாக என் பக்கம் திரும்பினாள்.

"நீ இருக்கிற பிளாக்கு நம்பர் என்னடா? எத்தனாவது மாடி?"

சொன்னேன். அம்மா திரும்பி, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்தி, அம்மனிடம் சொன்னாள்.